சுங்கை சிப்புட்டில் ஃபுளூ ஊசி கிடைக்கவில்லையா? கவுண்டரில் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனில் ஒரு தனியார் கிளினிக்கின் கவுண்டரில் வேலை செய்கிறேன். எங்கேயாவது பள்ளியில் ஃபுளூ (இன்ஃபுளுவென்சா) பரவுகிறது என்று செய்தி வந்தால் போதும், மறுநாள் காலையிலிருந்து போன் ஓயாது. கேட்பவர்கள் வேறு வேறு ஆட்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். மருத்துவ விஷயங்களை எங்கள் டாக்டரிடம் கேட்டுச் சரிபார்த்தாயிற்று. ஆனாலும் உங்கள் உடம்புக்கென்று தனியாகக் கேட்க வேண்டியதை உங்களைப் பார்க்கிற டாக்டரிடமே கேளுங்கள்.

ஈப்போவில் கிடைக்கிறது, கோலாலம்பூரில் கிடைக்கிறது. நம்ம ஊரில் மட்டும் ஏன் இல்லை?

நாட்டிலேயே ஊசி தீர்ந்துபோவது வேறு, நம்ம ஊருக்கு வராமல் போவது வேறு. பெரும்பாலான நேரம் நாம் மாட்டிக்கொள்வது இரண்டாவதில்.

ஃபுளூ ஊசி வெளிநாட்டிலிருந்து வருகிறது. எந்த வகைக் கிருமிகளுக்கு எதிராக அதைத் தயாரிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை சொல்லும். பிப்ரவரியில் பூமியின் வடபாதிக்கு, செப்டம்பரில் தென்பாதிக்கு. அதன் பிறகு பெரும்பாலும் கோழி முட்டையில் கிருமியை வளர்த்து, செயலிழக்கச் செய்து, சுத்தப்படுத்தி, சோதித்து, ஊசிக்குழலில் அடைத்து முடிக்க ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். அதனால் திடீரென்று தேவை கூடினால், அடுத்த வாரமே கூடுதலாகத் தயாரித்து அனுப்ப யாராலும் முடியாது. முன்கூட்டியே கணக்குப் போட்டு எவ்வளவு கேட்டு வைத்தார்களோ அவ்வளவுதான்.

இப்போது எங்களைப் போன்ற சின்ன கிளினிக்கைப் பாருங்கள். போன வருடம் எத்தனை பேர் போட்டார்கள் என்று பார்த்துத்தான் டாக்டர் ஆர்டர் போடுவார். ஃபுளூ ஊசி பனடோல் (பாரசிட்டமால்) மாத்திரை மாதிரி இல்லை. அந்த சீசன் முடிந்தால் காலாவதி, தூக்கிப் போட வேண்டியதுதான், நட்டம் கிளினிக்குக்கு. சாதாரண மாதங்களில் நம்ம ஊரில் யாரும் இந்த ஊசியைக் கேட்டு வருவதில்லை, அதனால் கொஞ்சமாகத்தான் வாங்கி வைப்போம். செய்தி வந்ததும் எல்லாரும் ஒரே நாளில் வருவார்கள், இருப்பது மதியத்துக்குள் முடிந்துவிடும். மறுபடி சப்ளையரைக் கூப்பிட்டால், பெரிய ஆஸ்பத்திரிகளும் கிளைகள் நிறைய உள்ள கிளினிக்குகளும் ஏற்கெனவே சொல்லி வைத்திருப்பார்கள். வரிசையில் நாங்கள் கடைசி.

எந்த மாதம் வந்தால் நிச்சயம் கிடைக்கும்?

வடபாதி ஊசி ஆண்டின் கடைசி மாதங்களை ஒட்டி வரும். தென்பாதி ஊசி ஆண்டின் முதல் பாதியில், மார்ச்சுக்குப் பிறகு வரும். நம் நாட்டில் இரண்டுமே பயன்பாட்டில் உண்டு. பழைய சரக்கு தீர்ந்து புதியது வராத இடைவெளிதான் சிக்கலான காலம். அந்த இடைவெளியில் ஃபுளூ தலைதூக்கினால் தட்டுப்பாடு வந்தே தீரும். சரக்கு இறங்கிய முதல் சில வாரங்களில், யாரும் ஃபுளூவைப் பற்றிப் பேசாத நேரத்தில் வருவது எப்போதும் நல்லது.

இதற்கு முன்னாலும் இப்படி நடந்ததா?

நடந்தது. 2019 டிசம்பர் கடைசியிலும் 2020 ஜனவரியிலும் ஃபுளூ பரவியபோது தனியார் கிளினிக்குகளில் ஊசி இல்லாமல் மக்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். அந்த ஜனவரி கடைசியில் கோவிட் வந்துவிட்டதால் பலருக்கு அது மறந்தே போனது. 2025 அக்டோபரில் நாடு முழுவதும் சுமார் 6,000 மாணவர்களுக்கு இன்ஃபுளுவென்சா என்று கல்வி அமைச்சு சொன்னதும், சில பள்ளிகள் மூடப்பட்டதும் நினைவிருக்கும். செய்தி வருகிற அன்றுதான் எல்லாருக்கும் ஊசி ஞாபகம் வருகிறது. எனக்கு இதில் கொஞ்சம் கோபம்கூட உண்டு. ஆனால் வேலை முடிந்து களைத்து வருகிற ஆளிடம் அதைக் காட்ட முடியுமா?

பெயர் எழுதிக் கொடுத்தால் உண்மையிலேயே கூப்பிடுவீர்களா அக்கா?

எங்கள் கிளினிக்கில் கூப்பிடுகிறோம். எல்லா கிளினிக்கும் அப்படி என்று நான் உத்தரவாதம் கொடுக்க முடியாது. பெயர் கொடுக்கும்போதே, "சரக்கு வந்தால் போன் செய்வீர்களா, நானே கேட்க வேண்டுமா?" என்று தெளிவாகக் கேட்டுவிடுங்கள். ஒரே கிளினிக்கில் மட்டும் கொடுக்காமல், இங்கே ஒன்று, கோலகங்சாரிலோ ஈப்போவிலோ இன்னொன்று என்று கொடுத்து வையுங்கள். ஒரு இடத்தில் போட்டுவிட்டால் மற்ற இடத்துக்கு ஒரு போன் செய்து பெயரை எடுக்கச் சொல்லுங்கள். அதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. நாங்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு, "ஓ, நான் போட்டுட்டேனே" என்ற பதிலைக் கேட்டு முடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும்.

இன்னொன்று. பட்டியலில் பெயர் கூடக் கூட, டாக்டருக்கு ஆர்டர் போடத் துணிச்சல் வரும். ஒன்றிரண்டு ஊசிக்காக அவர் சப்ளையரைத் துரத்த மாட்டார். இருபது பெயர் எழுதிய தாளைக் காட்டினால் துரத்துவார்.

நாங்கள் தோட்டத்தில் இருக்கிறோம். ஊசி வந்தது என்று போன் வந்தாலும் வேலையை விட்டு வர முடியாது. என்ன செய்வது?

இதுதான் எனக்கு மிகவும் வருத்தமான கேள்வி. டவுனில் இருப்பவர் அரை மணி நேரத்தில் வந்து போட்டுக்கொண்டு போய்விடுவார். எல்பில், ஹீவூட் தோட்டங்கள் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு. மோட்டார் சைக்கிளில் வந்து சேர்வதற்குள் சரக்கும் தீர்ந்திருக்கும்.

தனித்தனியாக அலைவதைவிட, தோட்டமாகச் சேர்ந்து கேட்பதுதான் நடக்கிற காரியம். கோயில் கமிட்டியோ, பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, தொழிற்சங்கக் கிளையோ யாராவது ஒருவர் முன்வந்து பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், வயது, என்ன நோய் இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். தோட்டத்தில் இன்னும் டிரெசர் (தோட்ட மருத்துவ உதவியாளர்) இருந்தால் அவரிடமே அந்த விவரமெல்லாம் இருக்கும். பல தோட்டங்களில் இப்போது தோட்ட ஆஸ்பத்திரி வெறும் கட்டடமாக நிற்கிறது, அது வேறு கதை. பட்டியலோடு கிளினிக்கில் பேசினால் ஞாயிற்றுக்கிழமையோ சாயங்காலமோ ஒரு நேரம் ஒதுக்குவார்கள். ஆள் எண்ணிக்கை போதுமானதாக இருந்தால் டாக்டரும் தாதியும் குளிர்பெட்டியோடு தோட்ட மண்டபத்துக்கே வருவதும் உண்டு. மானேஜரிடமும் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேர் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்துப் படுத்தால் செம்பனைக் குலை மரத்திலேயே பழுத்து உதிரும் என்பது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். செலவில் ஒரு பங்கை நிர்வாகம் ஏற்றுக்கொண்ட இடங்களும் இருக்கின்றன. கேட்காமல் கிடைத்ததாக மட்டும் நான் கேள்விப்பட்டதில்லை.

அரசாங்க கிளினிக்கில் இலவசமாகப் போடுகிறார்களாமே?

60 வயதும் அதற்கு மேலும் உள்ள மலேசியர்களில் சர்க்கரை, இரத்தக்கொதிப்பு, இருதய நோய் போன்ற நீண்டநாள் நோய் உள்ளவர்களுக்கு அரசு சுகாதார கிளினிக்குகளில் இலவசமாகப் போடும் ஏற்பாடு இருக்கிறது. மைசெஜாத்ரா செயலியில் முன்பதிவு செய்யலாம். அப்பா அம்மாவின் கைப்பேசியில் அந்தச் செயலி கோவிட் காலத்தோடு தூங்கிக்கொண்டிருக்கும், பிள்ளைகள் எழுப்பிக் கொடுங்கள். முடியாவிட்டால், மாதாமாதம் சர்க்கரை மருந்து வாங்கப் போகும்போது அங்கேயே தாதியிடம் கேட்கலாம். அங்கேயும் ஒதுக்கீடு தீர்ந்தால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாகப் போடும் வழக்கமான தடுப்பூசிப் பட்டியலில் ஃபுளூ இல்லை. பிள்ளைகளுக்குப் பணம் கொடுத்துத்தான் போட வேண்டும்.

வீட்டில் ஆறு பேர். கிடைப்பது இரண்டு ஊசிதான் என்றால் யாருக்குப் போடுவது?

பாட்டிக்கும், சர்க்கரை உள்ள அப்பாவுக்கும். வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் அவருக்கு முதலிடம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை, ஆஸ்துமா உள்ளவர், சிறுநீரகத்துக்கு டயாலிசிஸ் செய்பவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் எல்லாரும் முன்வரிசை. நல்ல உடம்போடு இருக்கிற இருபத்தைந்து வயதுத் தம்பி காத்திருக்கலாம். அவருக்கு ஃபுளூ வந்தால் பெரும்பாலும் ஒரு வாரம் படுத்து எழுந்துவிடுவார். பாட்டிக்கு வந்தால் நிமோனியாவில் போய் நிற்கலாம்.

நம் ஆட்களுக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்றில் ஒருவர். சர்க்கரை உள்ளவருக்கு ஃபுளூ வந்தால் சர்க்கரை அளவு தாறுமாறாகும், நுரையீரல் தொற்றும் எளிதில் பிடிக்கும். "எனக்கு சுகர்தானே, வேறு ஒன்றும் இல்லையே" என்று சொல்லி வரிசையில் பின்னால் போகிற மாமாக்களை நான் முன்னால் இழுத்து நிறுத்துகிறேன்.

குழந்தைக்கு இரண்டு ஊசி என்கிறார்கள். தட்டுப்பாட்டில் இரண்டாவது கிடைக்காவிட்டால்?

ஆறு மாதம் முதல் ஒன்பது வயதுக்குள் உள்ள பிள்ளை முதல் தடவையாகப் போடுகிறது என்றால் குறைந்தது நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி வேண்டும். முதல் ஊசி போடும்போதே இரண்டாவதை ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். நான்கு வாரம் தாண்டிப் போனாலும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, கிடைக்கும்போது இரண்டாவதைப் போட்டால் போதும். ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு இந்த ஊசி கிடையாது. அந்தக் குழந்தையைக் காப்பாற்ற, அதைச் சுற்றியிருக்கிற பெரியவர்கள் போட்டுக்கொள்ள வேண்டும்.

மகள் ஐந்து மாத கர்ப்பம். போடலாமா?

போடலாம், எந்த மாதத்திலும். அம்மாவின் உடம்பில் உருவாகும் எதிர்ப்பு சக்தி குழந்தைக்கும் போகும். பிறந்து முதல் ஆறு மாதம் குழந்தைக்கு ஊசி போட முடியாது என்பதால் அதுதான் அதற்குக் கிடைக்கிற பாதுகாப்பு.

ஒரு கிளினிக்கில் மூன்று கிருமி ஊசிதான் இருக்கிறதாம். நான்கு கிருமி ஊசி வரும் வரை காத்திருக்கட்டுமா?

வேண்டாம். பலர் "மூன்று என்றால் பழைய சரக்கு, மட்டமானது" என்று திரும்பிப் போகிறார்கள். விஷயம் அப்படி இல்லை. நான்கு கிருமி ஊசியில் இரண்டு ஏ வகையும் இரண்டு பி வகையும் இருந்தன. அந்த இரண்டு பி வகைகளில் ஒன்றான யமகாட்டா, 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. கோவிட் காலத்தில் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்ததில் அதுவே காணாமல் போய்விட்டது போலிருக்கிறது. அதற்காக இனி ஊசியில் இடம் ஒதுக்கத் தேவையில்லை என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. ஆகவே கையில் கிடைக்கிற மூன்று கிருமி ஊசி, வரப்போகிற நான்கு கிருமி ஊசிக்குக் குறைந்தது இல்லை.

ஆன்லைனில் ஒருவர் ஊசி விற்கிறார். வாங்கிக்கொண்டு வந்தால் போட்டுவிடுவீர்களா?

மாட்டோம். இந்த ஊசி தொழிற்சாலையிலிருந்து கைக்கு வரும் வரை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். சூடு பட்டாலும் கெடும், உறைந்தாலும் கெடும். கெட்டதா நல்லதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. யாரோ ஒருவர் போஸ்டில் அனுப்பி, நம்ம ஊர் வெயிலில் லாரியில் கிடந்து வந்த ஊசியை உங்கள் பிள்ளைக்கு எந்த டாக்டரும் போட மாட்டார். தட்டுப்பாட்டு நேரத்தில் போலி விற்பவர்களும் முளைப்பார்கள். பணமும் போகும், போட்டுவிட்டோம் என்ற பொய்யான நிம்மதி வேறு.

விலை ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது?

ஊசியின் பிராண்டு, கிளினிக் வாங்கிய விலை, டாக்டர் கட்டணத்தைச் சேர்த்தா சேர்க்காமலா என்பதைப் பொறுத்து மாறும். தட்டுப்பாட்டில் ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், மறைக்க ஒன்றுமில்லை. தனியார் கிளினிக்குகளும் பார்மசிகளும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற விதி 2025 மே 1 முதல் இருக்கிறது. அதனால் போனிலேயே, "எல்லாம் சேர்த்து எத்தனை வெள்ளி (ரிங்கிட்)?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பினாங்கிலோ கோலாலம்பூரிலோ வேலை செய்து வருமான வரி கட்டுகிற பிள்ளைகள் ரசீதை வாங்கி வைக்கட்டும். தடுப்பூசிச் செலவுக்கு ஆண்டுக்கு 1,000 வெள்ளி வரை வரி விலக்கு உண்டு, அதில் இன்ஃபுளுவென்சாவும் அடக்கம்.

நாங்கள் சைவம். முட்டையில் செய்ததாமே?

பெரும்பாலானவை முட்டையில் வளர்த்துத்தான் வருகின்றன, ஒளிக்க மாட்டேன். சுத்தப்படுத்திய பிறகு மிச்சமிருப்பது மிகமிகச் சொற்பம். போடுவதா வேண்டாமா என்பது உங்கள் மனம். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் முன்பே சொல்லிவிட்டால் போதும், இப்போதெல்லாம் அதற்காக யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. முன்பு ஃபுளூ ஊசி போட்டே கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் மட்டும் டாக்டரிடம் பேசாமல் போட வேண்டாம்.

ஊசி போட்டால்தான் காய்ச்சலே வருகிறது என்கிறார் என் அண்ணி.

அதில் உயிருள்ள கிருமி இல்லை, அதனால் ஃபுளூவைக் கொண்டுவர முடியாது. கை வலி, ஓரிரு நாள் லேசான காய்ச்சல், அலுப்பு வரலாம். ஏற்கெனவே தொற்றியிருந்த வேறு சளி அதே வாரத்தில் வெளியே தெரிந்து, பழி ஊசி மேல் விழுவதும் உண்டு.

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போகிறோம். அதற்கு முந்தைய நாள் போட்டால் போதுமா?

போதாது. எதிர்ப்பு சக்தி உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். விரதம் இருப்பவர்களும் போட்டுக்கொள்ளலாம், ஆனால் வெறும் வயிற்றோடு வந்து மயங்கி விழ வேண்டாம், பால் பழமாவது சாப்பிட்டு வாருங்கள். உம்ராவுக்கு (மக்கா யாத்திரைக்கு) போகிற மலாய் நண்பர்களும், டிசம்பர் விடுமுறைக்கு வெளிநாடு போகிறவர்களும் ஆண்டுக் கடைசியில்தான் ஊசி கேட்பார்கள். தைப்பூசத்துக்கு நெருங்கி வந்தால் அவர்கள் போட்டுவிட்டு மிச்சம் வைத்ததுதான் உங்களுக்கு.

ஃபுளூ ஊசி இல்லை, நிமோனியா ஊசி இருக்கிறது. அதைப் போட்டால் சரியாகிவிடுமா?

அது வேறு கிருமிக்கு. அப்பா அம்மாவுக்கு அதுவும் நல்லதுதான், ஆனால் ஃபுளூ ஊசிக்கு மாற்று இல்லை.

ஊசி கிடைக்கும் வரை என்ன செய்வது?

இருமுகிற ஆள் முகக்கவசம் போடட்டும். காய்ச்சல் உள்ள பிள்ளையைப் பள்ளிக்கும் டியூஷனுக்கும் அனுப்பாதீர்கள். எம்சி கிடைக்குமா என்ற பயத்தில் காய்ச்சலோடு வேலைக்குப் போய் லோரியில் பத்துப் பேரோடு நெருக்கி உட்கார்வதும் வேண்டாம். கற்பூரவள்ளிக் கசாயமும் நொச்சி ஆவியும் தொண்டைக்கு இதம், தாராளமாகச் செய்யுங்கள், சின்னப் பிள்ளைகளைக் கொதிநீர்ப் பக்கம் விடாமல். ஆனால் அவை ஃபுளூவைத் தடுக்காது. ஆன்டிபயாடிக் கேட்டு அடம் பிடிக்காதீர்கள், அதுவும் ஃபுளூவுக்கு வேலை செய்யாது.

ஊசி தேடிக்கொண்டிருக்கும்போதே காய்ச்சல் வந்துவிட்டது. இப்போது?

இப்போது ஊசியை மறந்துவிட்டு டாக்டரைப் பாருங்கள், முடிந்தவரை சீக்கிரம். வயதானவர், கர்ப்பிணி, நீண்டநாள் நோயாளி என்றால் ஃபுளூவுக்கான மாத்திரையான ஒசெல்டமிவிர், நீங்கள் அறிந்த பெயரில் டாமிஃபுளூ, தேவையா என்று டாக்டர் முடிவு செய்வார். அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அதன் முழுப் பலன். "இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்" என்று பார்த்துவிட்டு வருகிறவர்கள் அந்த நேரத்தைத் தொலைத்துவிடுகிறார்கள்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. எல்லாக் காய்ச்சலும் ஃபுளூ இல்லை. நம்ம பக்கம் டிங்கி (டெங்கு) எப்போதும் உண்டு. எலி சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் வேலை செய்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சலும் வரும். மூன்றும் முதல் நாளில் ஒன்று போலவே உடம்பு வலியோடு தொடங்கும். மூக்கொழுகலும் இருமலும் இல்லாமல் கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு அல்லது மஞ்சள் என்றால் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். என்ன வேலை செய்கிறீர்கள், எங்கே தண்ணீரில் இறங்கினீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவரை பனடோல் மட்டும் போதும். ஆஸ்பிரின், புரூஃபன் போன்றவற்றை நீங்களாகப் போட வேண்டாம், டிங்கியாக இருந்தால் இரத்தக் கசிவு வரலாம். பிள்ளைகளுக்கு ஃபுளூவில் ஆஸ்பிரின் கூடவே கூடாது.

மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, உதடு நீலமாவது, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, சிறுநீர் போகாமல் இருப்பது, இறங்கிய காய்ச்சல் மறுபடி ஏறுவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கிளினிக் திறக்கும் வரை காத்திருக்காதீர்கள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இல்லையென்றால் 999-ஐ அழையுங்கள்.

எனக்கு ஃபுளூ வந்து போய்விட்டது. இனி ஊசி தேவையா?

தேவை. வந்தது ஒரு வகை, ஊசியில் இருப்பது மூன்று. உடம்பு தேறிய பிறகு போடலாம்.

பரபரப்பு அடங்கிவிட்டது, இப்போதுதான் சரக்கு வந்திருக்கிறது என்று போன் செய்கிறீர்கள். இனிமேல் போட்டு என்ன பயன்?

பனிக்காலம் உள்ள நாடுகளில் இந்தக் கேள்வி கொஞ்சம் செல்லும். அங்கே ஃபுளூவுக்கு ஒரு பருவம் உண்டு. நம் நாட்டில் அது ஆண்டு முழுவதும் சுற்றிக்கொண்டே இருக்கும், நடுநடுவே தலைதூக்கும். அதனால் காலம் கடந்துவிட்டது என்ற பேச்சே இல்லை, வாருங்கள். ஒரு தடவை போட்டால் ஓர் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். ஐசியும், பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை ஊசியெல்லாம் குறித்திருக்கும் அந்தக் குழந்தைப் புத்தகமும், வழக்கமாகச் சாப்பிடுகிற மருந்துகளின் பெயரும் கையில் இருக்கட்டும். கை முட்டிக்கு மேல் எளிதாக ஏற்றக்கூடிய சட்டை போட்டு வாருங்கள். போட்ட பிறகு ஒரு கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்வோம், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பாதியில் எழுந்து ஓடாதீர்கள்.